எனக்கு மனசில்ல

மார்ச் 4

அண்ணிக்கு,

நீங்கள் எத்தனை முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். இந்த விடுதியில் அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைதான். ஒருத்தி கொட்டாவி விட்டால் பக்கத்து அறைக்காரிக்குத் தூக்கம் வருகிறது. காகிதத்தில் கத்தினால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் நம் ஊர் பஸ்ஸில் பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: ‘மில் வாசல் குழந்தைகள் காப்பகத்தை இடித்து வணிக வளாகம் கட்டும் திட்டம். முதல் கட்ட ஒப்புதலை நகர மன்றம் ஒருமனதாக வழங்கியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் ஆதரவு.’ யார் அந்தப் புண்ணியவதி என்று பார்த்தால், பதினோராவது வார்டு, தையல்கடை அம்மா. நீங்கள்!

நம் கட்சி சண்டை போடாது என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் அடித்தால் அறிக்கை விடுவோம். இன்னும் ஓங்கி அடித்தால் கண்டன அறிக்கை. கீழே தள்ளி மிதித்தால் வெளிநடப்பு. நம் கட்சித் தலைவர் ‘பார்ப்போம்’ ஐயாவின் வாயிலிருந்து அந்த ‘பார்ப்போம்’ விழவேண்டியதுதான், எட்டுப் பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவீர்கள். வெளியே போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிப்பீர்கள். உள்ளே அவர்கள் நிம்மதியாக ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொள்வார்கள். எதிர்ப்பவர்கள் எல்லாம் டீக்கடையில் இருந்தால் ஒரு மனதாகத்தானே இருக்கும்?

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டியதும் இப்படித்தான். அன்றைக்குத்தான் நான் கட்சி ஆபீசில் கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மேடையேறினால் சரவெடி என்று கைதட்டியவர்கள், ஆபீசுக்குள் வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றார். அவரைத் தொடைநடுங்கி என்றேன். உங்களைக் கடை வாசலில் சட்டை மாட்டி வைக்கிற பொம்மை என்றேன்.

ரொம்ப அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று இத்தனை நாள் மனசு அறுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பேப்பரைப் பார்த்ததும், குறைத்துத்தான் பேசியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். பொம்மையாவது சும்மா நிற்கும். நீங்கள் தலையை வேறு ஆட்டியிருக்கிறீர்கள்.

பதில் போடவேண்டாம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

சரவெடிக்கு,

திட்டி முடித்தாயா? நீ பதில் வேண்டாம் என்றால் போடு என்று அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில் ஒன்று. ‘உங்கள் வீட்டுக்காரர்’ என்று எழுதுகிறாயே, அவர் எனக்கு வீட்டுக்காரர் ஆவதற்கு முன்னாலேயே உனக்கு அண்ணன். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘அண்ணன்’ என்று மாற்றிப் படித்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். துணி வெட்டுகிற மேசையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

இப்போது நடந்ததைக் கேள். சிரிக்கக்கூடாது.

அன்றைக்குப் புதுச் செருப்பு. கடித்தது. மேசைக்கு அடியில் இரண்டையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மன்றத்தில் சாக்கடை அடைப்பு பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆள் ஒருவர் கேள்வி கேட்டார். மன்றத் தலைவர், அவர்கள் கட்சிக்காரர்தானே, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: “சரி சரி, பார்ப்போம்.”

அவ்வளவுதான். நம் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வார்த்தை காதில் விழுந்ததும், தானே சொன்னதாக நினைத்துக்கொண்டு விசுக்கென்று எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். “ஜனநாயகப் படுகொலை!” என்று ஒருவர் கத்தவும் செய்தார். எதற்கு? சாக்கடைக்கு! மன்றத் தலைவருக்கே ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்கவேண்டும்.

நானும் எழுந்திருப்பேன். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்று வழவழத் தரையில் சறுக்கி எங்கேயோ போய்விட்டது. காலால் துழாவிக்கொண்டே இருக்கிறேன். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டா வெளிநடப்பு செய்வது? அதற்குள் நம்மவர்கள் போய்விட்டார்கள். அடுத்த விஷயம் காப்பகம். எழுத்தர் படித்தார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார் தலைவர். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். “ஒருமனதாக” என்றார். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

பிறகு எதிர்வரிசைக்காரர் ஒருவர் குனிந்து செருப்பை எடுத்துவந்து, “இந்தாங்கம்மா, இதானே?” என்று கொடுத்தார். அவர்கள் கட்சி என்றாலும் மரியாதை தெரிந்தவர்.

இத்தனை வருஷமாக நாம் வெளியே வந்த பிறகு உள்ளே என்ன நடக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. பெரிதாக என்னவோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே நடப்பதில்லை.

அண்ணி


மார்ச் 14

அண்ணி, என் தங்க அண்ணி,

சிரித்தேன். மன்னித்துவிடுங்கள். ஐயா எழுந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தது, செருப்பைக் கையில் கொடுத்த இடத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரி பலகையைத் தட்டி, “என்னடி, பைத்தியம் பிடிச்சிடுச்சா?” என்கிறாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அழுகையாக வந்தது. மில் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அந்தக் காப்பகத்தைக் கட்டவைத்ததே நம் கட்சி அண்ணி! அந்தக் காலத்தில் இதே ஐயா நகர மன்ற வாசலில் குறுக்கே படுத்தாராம். கொட்டுகிற மழையில். “கட்டுறேன்னு எழுதிக் குடு, அப்பறம் எழுந்திருக்கிறேன்” என்றாராம். அப்படிப் படுத்த மனுஷன் இன்றைக்கு யாரோ சொன்ன ‘பார்ப்போம்’ கேட்டு எழுந்து ஓடுகிறார். அவர்கள் கெட்டவர்கள் என்பதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். நம் வேலையை நாம் செய்யவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என் பிழைப்பைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க என்ன சொல்கிறேன் தெரியுமா? ‘வண்டி தாமதமாக வரும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அப்படியே நம் கட்சி அறிக்கைதான். கட்சியை விட்டு வந்தும் அதன் வசனம் என்னை விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடந்தது முதல் கட்டம்தான். ஏப்ரல் நாலாம் தேதி கடைசி ஓட்டு. அன்றைக்கும் ஒருமனதாக என்று எழுதிவிட்டால் மறுநாளே கட்டடத்தை இடிக்கக் கொடுத்துவிடலாம். ஆனால் மன்றத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒருவர் எதிர்த்துச் சொல்லி, அதை எழுதிக்கொண்டால்கூட, பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்காமல் மேலே போகமுடியாது. விதி அப்படி. வெளியே போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இதைக் கட்சியில் நான் தொண்டை வற்றச் சொன்னேன். கிணற்றில் போட்ட கல்.

ஒரே ஒருவர் போதும் அண்ணி. கருத்துக் கேட்கும் நாளில் மில் பெண்கள் அத்தனை பேரும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கட்டும், யார் இடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். என்னிடம் குரல் இருக்கிறது, நாற்காலி இல்லை. உங்களிடம் நாற்காலி இருக்கிறது. குரலை நான் அனுப்புகிறேன். இதோடு பதினோரு பக்கம் பேச்சு வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிடுங்கள். நடுங்கும்படி எழுதியிருக்கிறேன்.

சரவெடி


மார்ச் 21

சரவெடிக்கு,

நீ அனுப்பிய பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்தேன். நடுங்கியது நான்தான். ‘அதிகார மமதையின் கோரத் தாண்டவம்’ என்கிற இடத்தில் எனக்கு இருமல் வருகிறது. மூன்று நாளாக அதே இடத்தில் வருகிறது. உன் அண்ணன் வெட்டு மேசையிலிருந்து, “மூச்சு விடுறதுக்கு எடமே வைக்கலையே அவ” என்றார்.

நேற்றுக் கட்சியிலிருந்து மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். போன கூட்டத்தில் நான் செய்தது கட்டுப்பாட்டை மீறிய செயலாம். செருப்பு என்றேன். நம்பவில்லை. “நாலாம் தேதி காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துடுங்கம்மா. இல்ல, ஐயா எழுந்தா கூடவே எழுந்து வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு. நாம எதிர்த்தா அவங்க நம்ம மேல பாய்வாங்க, எலெக்‌ஷன் நேரத்துல தேவையா?” என்றார்கள். எலெக்‌ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார்கள், போகிறபோக்கில். பள்ளிச் சீருடை ஆர்டர் இந்த வருஷமும் நமக்குத்தானா என்று கேட்டார்கள். அது ஐயாவின் மருமகன் நடத்துகிற பள்ளி என்று உனக்குத் தெரியும். வருஷத்தில் ஆறு மாதம் அந்த ஆர்டரில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. உன் அண்ணனின் வார்டு செயலாளர் பதவியும் போய்விடும். உனக்கு அது வெறும் பதவி. அவருக்கு அது இருபது வயதிலிருந்து செய்கிற காரியம். கொடி கட்டியதும், பசை காய்ச்சியதும், உன்னை மேடையேற்ற மைக்செட்காரனிடம் கெஞ்சியதும் அவர்தான். தகராறு அவருக்கு வராது. துணியை வெட்டுவார், வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசத் தெரியாது. அதற்காக அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று நினைக்காதே.

நீ கோபித்துக்கொண்டு போனாய். கோபித்துக்கொள்ள உனக்கு ஒரு பை போதுமாக இருந்தது. எனக்கு இரண்டு தையல் மெஷின், ஒரு கடை, ஒரு மனுஷன். இவற்றைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது?

என்னால் ஆகாது. இதைப் பற்றி இனிமேல் எழுதாதே. அந்த ஊர்க் குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டுமா என்று மட்டும் எழுது.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். இதுவே எனக்குச் சாதனை.

நீங்கள் சொன்னது எல்லாம் சரி. பையைத் தூக்கிக்கொண்டு வருவது சுலபம்தான். நானும் வெளிநடப்புதானே செய்தேன்? எழுதி முடித்த பிறகுதான் இது உறைக்கிறது, நன்றாக வலிக்கிறது. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

எதற்காக அந்தக் கட்டடத்துக்கு இப்படி உயிரை விடுகிறேன் என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா மில்லில் இருந்தபோது என்னை அங்கேதான் விடுவாள். சாயங்கால ஷிப்டு நாளில் கூட்டிக்கொண்டு போக உங்கள் வீட்டுக்காரர் வருவார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வருவார், புத்தகப் பையோடு. நான் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, நடக்கமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளும் திட்டியதில்லை. அதட்டியதில்லை. செருப்பைத் தேடி எடுத்து, புழுதியைத் தட்டி, புத்தகப் பைக்குள் போட்டுக்கொள்வார். என்னை முதுகில் ஏற்றிக்கொள்வார். “செருப்பு எங்கிட்ட இருக்கு. இனிமே நீ நடக்க முடியாது, சரியா? அதனாலதான் தூக்குறேன்” என்பார். நான் அடம் பிடித்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதாம். எனக்குச் சாக்குச் சொல்லிக் கொடுத்தே வளர்த்த மனுஷன்.

அந்த மனுஷன்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது புரிகிறதா? வேறு யாராவது தலைகுனிந்து நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

நாலாம் தேதி நீங்கள் என்ன செய்தாலும் நீங்கள் என் அண்ணிதான். இதில் மாற்றமில்லை.

போர்த்திக்கொள்ள ஒன்றும் வேண்டாம். நீங்கள் தைத்த அந்தப் பச்சைச் சட்டையின் கை கிழிந்துவிட்டது. அதுதான் வருத்தம்.

சரவெடி


ஏப்ரல் 2

சரவெடிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை, வீட்டுக்காரர் என்றே படித்தேன். செருப்பைப் பைக்குள் போட்ட இடம் வந்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. பிறகு, “செவப்புச் செருப்பு. வார் அறுந்துபோனது” என்றார். மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ஒரு கால்சட்டைக்கு மூன்று கால் வெட்டி வைத்திருந்தார்.

பிறகு நான் காப்பகத்துக்குப் போனேன். சும்மாதான், திரைச்சீலை அளவு எடுக்கிற மாதிரி. உள்ளே பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொள்கிற அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பேப்பரில் பெயர் வந்ததே! “வாங்கம்மா” என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, “எதுக்கு அளக்குறீங்க? இடிக்கப்போற எடத்துக்குத் திரை எதுக்கு?” என்றாள்.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை மறுநாள் கூட்டம். நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால் நீயும் கேட்காதே. பச்சைச் சட்டையை அனுப்பு, கை வைத்துத் தருகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி! அண்ணி! அண்ணி!

எனக்கு வேலை போகப்போகிறது, பரவாயில்லை. நடந்ததைக் கேளுங்கள். காலையில் நம் ஊர் பஸ் வந்ததும் கண்டக்டர் பேப்பரை ஜன்னல் வழியாகப் போட்டார். நான் ஒரு அறிவிப்பைச் சொல்லி முடித்துவிட்டுப் புரட்டுகிறேன். முதல் பக்கம். முதல் பக்கம் அண்ணி! ‘காப்பகத் தீர்மானம்: ஒருமனதாக என்ற சொல் நீக்கம். ஒற்றை உறுப்பினரின் எதிர்ப்பால் பொதுமக்கள் கருத்துக் கேட்க முடிவு.’

“அடி என் அண்ணி!” என்று கத்திவிட்டேன். மைக்கை அணைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது. ஒரு பெண் இரண்டு பைகளையும் கீழே போட்டுவிட்டாள். டிரைவர் ஒருவர் இறங்கி ஓடிவந்து, “யாருக்கு என்னம்மா ஆச்சு?” என்கிறார். மைக்கிலேயே சொல்லிவிட்டேன்: “எங்க அண்ணி ஜெயிச்சுட்டாங்க. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தவில்லை.” நாலைந்து பேர் கைதட்டினார்கள், யார் அண்ணி, என்ன ஜெயித்தாள் என்று தெரியாமலே. மேலாளர் கூப்பிட்டு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுப்பேன், நன்றாக விரிவாகவே கொடுப்பேன்.

நான் மேடையில் கத்திய கத்தல் எல்லாம் எதற்கு? எத்தனை கைதட்டல், எத்தனை மாலை! இறங்கி வந்ததும் எல்லாம் காற்றோடு போய்விடும். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே ஒரு கட்டடத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டீர்கள். பொம்மை என்றேனே, என் வாயில் உங்கள் ஊசியாலேயே இரண்டு தையல் போடுங்கள்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தீர்கள்? ‘கோரத் தாண்டவம்’ வந்தபோது இருமல் வந்ததா? எதையும் விடாதீர்கள்.

சரவெடி


ஏப்ரல் 12

சரவெடிக்கு,

உன் பேச்சில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து ஏமாறாதே.

நாலாம் தேதி காலை இருவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். மன்றத்துப் படிக்கட்டு வந்ததும் உன் அண்ணன் நின்றார். “செருப்பைக் கழட்டு” என்றார்.

“இங்கேயா? எதுக்கு?”

“குடுன்னா குடு.”

கழற்றினேன். குனிந்து எடுத்து, புழுதியைத் தட்டி, பைக்குள் போட்டுக்கொண்டார். “உள்ள போய் உக்காரு. யாராவது கேட்டா செருப்பைக் காணோம்னு சொல்லு” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்வையாளர் பக்கமாக மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அந்தப் படியில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். தரை சில்லென்றிருந்தது.

காப்பகம் என்று எழுத்தர் வாயெடுத்ததுமே ஐயா, “பார்ப்போம்” என்றார். இந்த முறை அவரேதான். எழுந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி, “வாங்கம்மா” என்றார். “செருப்பைக் காணோம்” என்றேன். “மறுபடியுமா!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மன்றத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, இன்னிக்கும் செருப்பா? கூட்டம் முடியட்டும், தேடித் தரச் சொல்றேன்.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்தில். எழுத்தர் படித்து முடித்தார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார் தலைவர். மேசையைத் தட்டினார்கள். “ஒருமனதாக—”

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. உன் பதினோரு பக்கமும் கையில் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒரு மனசுன்னு எழுதாதீங்க. எனக்கு மனசில்ல.”

“என்னம்மா?”

“எனக்கு மனசில்லங்க.”

“மனசில்லன்னா? காரணம் சொல்லணும்ல?” என்றார் இன்னொருவர்.

“காலையில ஆறு மணிக்கு மில்லு ஊதுது. பிள்ளைங்கள எங்க விடுவாங்க? அந்த வளாகத்துல எந்தக் கடையில விடுவாங்க?”

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இத எப்படி எழுதறது?” என்று தலைவரைக் கேட்டார். தலைவர் என்னிடம் தணிவாக, “சரிம்மா, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. உக்காருங்க, பார்ப்போம்” என்றார்.

“நீங்க பார்ப்போம்னு சொன்னாலும் நான் எழுந்து போக மாட்டேங்க” என்றேன்.

சத்தியமாகக் குறும்புக்குச் சொல்லவில்லை. பயத்தில் உள்ளதைச் சொன்னேன். அவர்கள் பக்கத்திலேயே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்று செருப்பை எடுத்துக் கொடுத்தவர், “எழுதிக்கிடுங்க தலைவரே, விதி இருக்குல்ல” என்றார். எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். ‘ஒருவர் நீங்கலாக’ என்று படித்தார்கள். அப்போதுதான் உட்கார்ந்தேன். மாடியை நிமிர்ந்து பார்த்தேன். உன் அண்ணன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பயம் அதோடு போகவில்லை. நேற்று எங்கள் இருவரையும் கட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நீ கத்திவிட்டுப் போனாயே, அதே அறை, அதே விசிறி, அதே சத்தம். ஐயா நடுவில். சுற்றி எல்லாரும். “கட்சி எழுந்து வரும்போது நீ மட்டும் ஏம்மா உக்காந்திருந்த?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் முன்னால் வந்தார். பையைத் திறந்து, செருப்பை எடுத்து என் கால் பக்கத்தில் வைத்தார். நாலாம் தேதியிலிருந்து அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. நான் பழையதைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

“இது எங்கிட்ட இருந்துச்சுங்க ஐயா. நான்தான் கழட்டி வாங்கிக்கிட்டேன்.”

“நீயா? ஏன்?”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கும் மனசில்லங்க ஐயா. மழையில படுத்தீங்களே, அன்னிக்கு உங்களுக்குக் குடை பிடிச்ச பள்ளிக்கூடப் பையன் நான்தான். அத இடிக்க எனக்கு மனசில்ல.”

குரல் நடுங்கியது. ஆனாலும் அங்கேயே நின்றார். என் கழுத்தில் தாலி ஏறிய நாளைவிட நேற்று எனக்குப் பெருமையாக இருந்தது, போ.

ஐயா அவரைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “சரி, பார்ப்போம்” என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

சீருடை ஆர்டர் வருமா வராதா தெரியாது. செயலாளர் பதவி பற்றியும் பேச்சு மூச்சு இல்லை. காப்பகத்து அம்மா கடைக்கு வந்து, “திரைக்கு அளவு எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். மே இரண்டாம் தேதி மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். மில் பெண்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான், அதைச் சொல்லிவிட்டேன். மீதிப் பதினோரு பக்கத்தையும் பேச நீ வரவேண்டும். மூச்சு விட இடம் வைத்துக்கொண்டு வா.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

லீவு கேட்டேன். நான் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் அமைதியாக இருக்கும் என்று மேலாளர் உடனே கொடுத்துவிட்டார். பச்சைச் சட்டையைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இதற்குக் கீழே இருப்பது உங்களுக்கு இல்லை. கிழித்து வெட்டு மேசையில் வைத்துவிடுங்கள். நீங்கள் படித்துவிட்டுத்தான் வைப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை.

அண்ணா,

உன்னைத் தொடைநடுங்கி என்றேன். எனக்கு நடுக்கமே வந்ததில்லை, அதனால் அது என்ன என்று எனக்குத் தெரியாது. நடுங்கிக்கொண்டே நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேடையில் ஆயிரம் பேரைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன், எல்லாம் சும்மா. இது மட்டும் நிஜம்.

முப்பதாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாண்டுக்கு நீயே வா. பையையும் கொண்டுவா. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவேன்.

உன் தங்கச்சி